நோகாத கால்

வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் காலை நடையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே ஒரு திருகாணி கிடந்தது. வலது காலுறையின் அடி முழுக்க இரத்தம். ஒரு மணித்தியாலம் அந்த ஆணியின்மேல் நடந்திருக்கிறேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

நீரிழிவு உள்ள வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பயந்திருப்பார்கள். நான் பெருமைப்பட்டேன். மனைவி சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பார், எழுபத்திரண்டு வயசிலயும் இது ஆமிக் கால்.”

“விசர்க்கதை கதையாமல் டொக்டரிட்டப் போங்கோ.”

“டொக்டர் நான் வீட்டிலதானே இருக்கிறன்.”

நான் இராணுவத்தில் சத்திரசிகிச்சை நிபுணனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு தமிழன் அந்தச் சீருடையைப் போட்டதற்காகச் சொந்தக்காரர் பலர் என்னோடு கதைப்பதை விட்டார்கள். அது தனிக்கதை. மிதிவெடியில் சிதைந்த எத்தனையோ கால்களை வெட்டியிருக்கிறேன். வலியைப் பொறுப்பவன் ஆண்பிள்ளை, கத்துபவன் மற்றவர்களுக்குப் பாரம் என்பதுதான் அங்கே நான் கற்ற பாடம். இன்றைய ஆஸ்பத்திரிகளில் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். கேட்டால் யார்தான் குறைத்துச் சொல்வார்கள்? செல்லம் கொடுத்தே ஒரு சமூகத்தைக் கெடுத்துவிட்டோம் என்று என் முறை வரும்வரை யாரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வார்டில் கால் இழந்த சிப்பாய் ஒருவன், இல்லாத பாதம் எரிகிறது, ஒரு மாத்திரை தாருங்கள் சேர் என்று கெஞ்சினான். அது மாயவலி (வெட்டிய உறுப்பு இன்னும் இருப்பதாக எண்ணி மூளை உணரும் வலி) என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, “இல்லாத காலுக்கு இல்லாத மருந்து” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். வார்டே சிரித்தது. வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் அதைப் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என் மகன் சுதன் ஒன்பது வயதில் சைக்கிளால் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தான். அதே சாப்பாட்டு மேசையில் அவனைக் கிடத்தி, விறைப்பூசி (அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி) போடாமல் ஏழு தையல் போட்டேன். முகத்தைப் பார்த்தால் கை தளரும் என்று அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைத்தேன். ஒரு சத்தம் இல்லை. இவன் என் பிள்ளை என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னேன்.

அவனே ஒரு சத்தம் போடாதபோது, ஒரு திருகாணிக்கு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா? புண்ணை நானே பார்த்துக்கொண்டேன். பல்கனியில் கதிரை போட்டு, பழைய சத்திரக் கத்தியைக் கொதிநீரில் போட்டெடுத்து, செத்த தசையைச் செதுக்கினேன். கொஞ்சமும் நோகவில்லை. மூன்றாம் வாரம் வீட்டில் ஒரு மணம் எழுந்தது. அந்த மணம் எனக்குத் தெரியாததா? ஆனாலும் கால்வாய் நாறுகிறது என்று சொல்லி யன்னலைச் சாத்தச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹெவ்லொக் டவுனிலிருந்து சுதன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

“அப்பா, காலைக் காட்டுங்கோ.”

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த நிபுணர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண். சுதனைவிட இளையவர். இந்தக் கை எலும்பு அறுக்குமா என்று நினைத்தேன்.

“கண்ண மூடுங்க சேர். நான் காலத் தொடுற நேரம் சொல்லுங்க.”

மூடிக்கொண்டு காத்திருந்தேன். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“தொடங்குங்கோ பிள்ளை, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?”

“முடிஞ்சிட்டு சேர். பத்து இடத்தில தொட்டேன்.”

நியூரோபதி (சீனியால் நரம்புகள் சாவது) என்று அவர் எனக்கே விளக்கினார்.

“நோவாம இருந்தது தைரியத்தால இல்ல சேர். நரம்பு செத்துப்போய்த்தான். எலும்பு வரைக்கும் அழுகிட்டு. நீங்க வெட்டினதும் அதுக்கு ஒரு காரணம்.”

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சுத்தமான வேலை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

நீரிழிவோடு இதை வாசிப்பவர்களே, சப்பாத்துக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இரவில் உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி பிடித்துப் பாருங்கள். நோகவில்லை என்றால் சந்தோசப்படாதீர்கள். அன்றைக்கே டொக்டரிடம் போங்கள்.

வெட்டிய ஐந்தாம் நாள் அந்தக் கால் நோகத் தொடங்கியது. உடம்போடு இருந்தபோது ஆணி ஏறியும் வாய் திறக்காத கால், எங்கேயோ எரிந்து சாம்பலான பிறகு கத்தியது. பெருவிரல் நகத்தைக் குறட்டால் பிடுங்குவது போன்ற வலி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்துவிட்டது. இப்போது என் நாளில் காலையும் மாலையும் இல்லை. மாத்திரைக்கு முன், மாத்திரைக்குப் பின் என்று இரண்டே வேளைகள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் இரண்டு வேளை மாத்திரையை ஒன்றாக விழுங்கிவிட்டேன். மாத்திரை இனி மகன் கையில் இருக்கட்டும் என்றார் நிபுணர். சுதன் லீவு போட்டு வந்து எங்களோடு தங்கினான். எனக்கு இருந்த ஒரே பயம், நான் அழுவது அவனுக்குக் கேட்டுவிடும் என்பதுதான். கால் போனதைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. சத்தம் வந்தால் வாயைப் பொத்து என்று சரோஜாவிடம் சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் வலி வந்தது. வாய் தானாகத் திறந்தது. சரோஜா ஓடிவந்து பொத்தினாள். தயங்காமல், பழகிய கைபோலப் பொத்தினாள். கையை எடுத்தபோது சுண்டுவிரலுக்குக் கீழே அரைவட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு தெரிந்தது. எத்தனை வருசம் இந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

“இதென்ன?”

அவள் கையை மறைத்தாள். பதில் வாசலிலிருந்து வந்தது. சுதன் அங்கே நின்றான்.

“என்ர பல்லு, அப்பா. நீங்கள் முழங்கால் தைச்ச அண்டைக்கு. சத்தம் போட்டால் அவிட்டுப்போட்டுத் திரும்பத் தைப்பன் எண்டு சொன்னனீங்கள். அம்மாதான் என்ர வாயைப் பொத்திக்கொண்டு நிண்டவ.”

சொன்னது ஞாபகம் வந்தது. பகிடிக்குத்தான் சொன்னேன்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று சரோஜாவைக் கேட்டேன்.

“நீங்கள் அண்டைக்கு எவ்வளவு சந்தோசமா இருந்தனீங்கள்” என்றாள்.

நகத்தில் குறடு மறுபடி இறுகியது.

“சுதன், மாத்திரையைத் தா.”

அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். “இன்னும் நாற்பது நிமிசம் இருக்கு, அப்பா.”

அவன் குரலில் கோபம் இல்லை. மருந்துச் சீட்டில் எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று என்றுதான் எழுதியிருந்தது. அவன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அவன் கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே, முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சரோஜா மறுபடி கையைக் கொண்டுவந்தாள். நான் கடித்தேன்.