இரண்டு தாய்மாமன்களுக்கு ஒரே அளவுக் கட்டம்

கல்லூரி அலுவலகத்தில் கால அட்டவணை போடுகிறவன் நான். வேர்டில் டேபிள் போடுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கட்டங்களை இணைப்பேன், பிரிப்பேன், எழுத்தைச் செங்குத்தாக நிறுத்துவேன். அண்ணன் மகளுக்குக் காது குத்த நாள் குறித்ததும், பத்திரிகையை நானே அடித்துத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சிக்கல் தாய்மாமன்களால் வந்தது. மதினிக்கு உசிலம்பட்டியில் இரண்டு அண்ணன்மார். ஊர்ப் பொங்கலுக்கு வைத்த ஃப்ளெக்ஸில் இளையவர் படம் பெரியவர் படத்தைவிட ஒரு சாண் பெரிதாகிவிட்டதாம். அன்றிலிருந்து பேச்சில்லை. ஒருவர் வரும் வீட்டுக்கு இன்னொருவர் வருவதில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். ஒரு மாமன் வந்து ஒரு மாமன் வராவிட்டால் ஊர் அதையே ஒரு வருடம் மெல்லும்.

"தம்பி, ரெண்டு பேரும் வரணும். பத்திரிகையில ஒரு நூல் ஏறி எறங்குனாலும் ஒருத்தர் வர மாட்டாரு. ஒங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றார் மதினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண் மட்டும் கலங்கியிருந்தது.

இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று நினைத்தேன். மாமன்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டேன். இளையவருக்குப் படிப்பு, பதவி, முன்னாள் பதவி என்று வால் நீளம். அதற்கேற்ப அவருடைய கட்டம் தானாகவே விரிந்துகொண்டதை நான் கவனிக்கவில்லை. மாதிரித் தாளைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு எழுத்தையும் படிக்கவில்லை. மகனுடைய ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தார்.

"மாப்ள, அவன் கட்டம் எம்புட்டு, என் கட்டம் எம்புட்டு?"

அகலத்தைச் சமமாக்கினேன். இளையவர் பெயர் மடங்கி மடங்கி ஐந்து வரியானது. பெரியவருக்கு இரண்டே வரி.

"எனக்குக் கீழ எதுக்கு இம்புட்டு எடம் சும்மா கெடக்கு? நான் என்ன வேலவெட்டி இல்லாதவனா?" என்று குதித்தார். விவசாயி, டிராக்டர் உரிமையாளர், கோயில் கமிட்டி உறுப்பினர் என்று வரிசையாகச் சேர்க்கச் சொன்னார். அவர் ஆறு வரிக்குப் போனதும் இளையவர் போன் செய்து, தான் ரத்த தானம் செய்ததைப் போடச் சொன்னார். இவர்கள் வளர வளர, காது குத்திக்கொள்ள வேண்டிய பிள்ளையின் பெயர் இறங்கி இறங்கி இரண்டாம் பக்கத்துக்கே போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேர் காதையும் நானே குத்தியிருப்பேன்.

கடைசியில் எல்லா வரிசைக்கும் ஒரே உயரம் என்று இறுக்கிவிட்டு, மாமன்களின் எழுத்தைச் சிறிதாக்கினேன். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியது. இருவரும் தனித்தனியே அளந்து தலையாட்டினார்கள். சிம்மக்கல் அச்சகத்தில் அடித்து வாங்கி ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தேன். ஊரெல்லாம் வெற்றிலை பாக்கோடு கொடுத்து முடித்தார்கள்.

அப்புறம் செல்லூர்ப் பெரியப்பா போன் செய்தார்.

"பத்திரிகை அம்சமா இருக்குடா. விசேஷம் என்னைக்கி?"

"கண்ணாடியப் போட்டுப் பாருங்க பெரியப்பா" என்றேன் எரிச்சலாக.

"போட்டுக்கிட்டுத்தான்டா பாக்குறேன்!"

எடுத்துப் பார்த்தேன். உயரத்தை அப்படி இறுக்கிவிட்டால், கட்டத்தில் கொள்ளாத வரி உள்ளேயே மறைந்துகொள்ளும். திரையிலும் தெரியாது, தாளிலும் வராது. கடைசிக் கட்டத்தில் "சுற்றமும் நட்பும் சூழ வருக" மட்டும் இருந்தது. நாள், நேரம், மண்டபம் மூன்றும் காணோம். இத்தனை பேர் பார்த்தோம், ஒருவரும் படிக்கவில்லை. நானும் அளந்துகொண்டேதான் இருந்திருக்கிறேன்.

போனில் சொல்லிவிடலாம் என்றேன். "போன்ல சொன்னா அது அழைப்பா?" என்று இரண்டு மாமன்களும் தனித்தனியே ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நேரில்தான் போக வேண்டும். முன்போலப் பாதியாகப் பிரித்துப் போனாலும், யார் முந்தித் தேதி சொல்கிறாரோ அவர்தான் அழைத்தார் என்று பேராகிவிடும். ஆகவே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசல் மிதிக்க வேண்டும் என்றால், ஒரே பைக்கில் போவதைத் தவிர வழியில்லை. பெரியவர் பின்னால் உட்கார மாட்டேன் என்றதால் அவர் ஓட்டினார். முதல் நாள் முழுக்க, வாசலில் நின்று இருவரும் கோரஸாகத் தேதி சொன்னதோடு சரி. மறுநாள் ரோட்டில் "பள்ளம்ணே, பாத்து" என்று இளையவர் வாய் தவறிக் கத்திவிட்டார். "எனக்குத் தெரியும்டா" என்றாராம் பெரியவர். அதன்பிறகு வீடு திரும்பும்வரை இருவரும் சேர்ந்து என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

விசேஷத்தன்று மண்டப வாசலில் அதே பைக்கில் வந்து இறங்கினார்கள். பிள்ளை பெரியவர் மடியில் உட்கார்ந்தது, இளையவர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை போட்ட சத்தத்தில் மேளமே கேட்கவில்லை. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, ரெண்டு பேரையும் சேத்து வைக்கத்தான் தேதிய வேணும்னே விட்டீகளா?"

"ஆமா மதினி" என்றேன்.