மார்பளவு தண்ணீரும் விதி பதினான்கும்

விதி 14, உட்பிரிவு (ஆ): நாள்பட்ட நோய் உள்ள உறுப்பினர், தமக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் என்ன பயிற்சி, எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுத்தால், குளத்தின் ஆழமில்லாத பகுதியைப் பயன்படுத்தலாம். விண்ணப்பத்துக்குப் பதினைந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரப்படும்.

செம்பூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் நீச்சல் குளத்தின் கையேட்டில், பதினோராம் பக்கத்தில் இது இருக்கிறது. அச்சுக் கோத்தவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் வரை போயிருப்பார்கள் என்று தோன்றவில்லை. நான் போனேன். போனதன் பலனாக, முட்டி தேய்ந்த ஒரு மனிதரைத் தண்ணீரிலிருந்து வெளியே ஏற்றினேன்.

அவரை முதலில் பார்த்தது மாட்டுங்காவில், சர்க்கரை நோய் மருத்துவரின் வாசல் பெஞ்சில். தாராவியில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட எட்டு வயது இளையவர். எங்கள் இருவருக்கும் நோய் ஒன்றுதான்: இருபது வருடச் சர்க்கரை, அதோடு இரண்டு முட்டியிலும் தேய்மானம். சர்க்கரை குறைய நடக்க வேண்டும். நடந்தால் முட்டி வீங்கும். முட்டிக்கு ஓய்வு கொடுத்தால் சர்க்கரை ஏறும். மருத்துவர் இருவருக்கும் ஒரே நாளில் ஒரே யோசனையைச் சொன்னார். மார்பளவு தண்ணீரில் தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும். எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். உள்ளங்காலில் உணர்ச்சி குறைவாக இருப்பதால் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு இறங்க வேண்டும், வெளியே வந்ததும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பேரும் ஒன்றாகவே செம்பூர் போனோம். விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம், 'நோய்கள் ஏதேனும் இருப்பின்'. அவர் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் கட்டம் போதாமல் தனித் தாள் இணைத்தேன். ஓர் அரசு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்தவன் வேறு எப்படி எழுதுவான்? நோயின் பெயர், தொடங்கிய வருடம், மாத்திரைகள், மருத்துவரின் கடிதம் என்று இணைப்பு ஒன்று முதல் நான்கு வரை.

கவுன்ட்டரில் இருந்த பெண் இணைப்புகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அங்கிள், பீமாரி ஹை தோ நஹி ஹோகா" என்றாள். நோயாளிக்கு அனுமதி இல்லையாம். நோயாளி என்பதால்தான் வந்திருக்கிறேன் என்றேன். மறுப்பதை எழுத்தில் தரச் சொன்னேன். அப்படி ஒரு படிவம் இல்லை என்றாள். அதற்குள் பாத்திரக் கடைக்காரரின் அட்டையில் முத்திரை விழுந்துவிட்டது.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "நீங்க எழுதினது அத்தனையும் உண்மை. நான் எழுதினது பச்சைப் பொய். நாளைக்குத் தண்ணிக்குள்ள நிக்கப்போறது யாரு சார்?"

அவர்தான் நின்றார். முதல் வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல். தாராவியில் கடைக்கு மேலேதான் அவர் வீடு. ஏறுவதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி. ஒரு வருடமாக அதில் ஏற முடியாமல் அவர் கீழே கடையில், அடுக்கிய குக்கர்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்திருந்தார். மனைவி மேலே, அவர் கீழே. ஏழாவது வாரம் ஒரு காலையில் போன் வந்தது.

"சார், நேத்து வீட்டுக்குப் போனேன்."

"எந்த வீட்டுக்கு?"

"எங்க வீட்டுக்குத்தான். பதினாலு படி. எம்பொண்டாட்டி என்னமோ விருந்தாளி வந்த மாதிரி டம்ளர்ல தண்ணி கொண்டாந்து குடுக்கா."

சந்தோஷப்பட்டேன். அன்றைக்குப் பகல் முழுவதும் எரிச்சலாகவும் இருந்தேன். எனக்கு அப்போது உட்காரவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. ஹாலில் ஜன்னலிலிருந்து ஃபிரிட்ஜ் வரை பதினோரு அடி. அதில் போவேன், வருவேன், ஐந்தாவது சுற்றில் முட்டி பிடிக்கும், உட்காருவேன். உட்கார்ந்தால் மருத்துவர் சொன்ன சர்க்கரை எண் நினைவுக்கு வரும், எழுந்துவிடுவேன். என் மனைவி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள்: "ஏன்னா, தரைக்குத் தேய்மானம் வந்தா அதுக்கு எந்த டாக்டர்?"

இந்த நிலையில்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். அறக்கட்டளையின் செயலாளருக்கு, மறுக்கப்பட்ட என் விண்ணப்பத்தை இணைத்து, விதி பதினான்கை மேற்கோள் காட்டி, ஐந்து பத்திகள். மூன்று பத்தியோடு நிறுத்தியிருக்கலாம். எதிராளி பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்காமல் கடிதத்தை முடிக்கக் கூடாது என்பது என் பிரிவில் நாங்கள் பழகிய பழக்கம். நான்காவது பத்தியில் கேட்டேன்: தற்போது குளத்தைப் பயன்படுத்தும் ஐம்பத்தைந்து வயதைக் கடந்த உறுப்பினர்களில் எத்தனை பேர் நோய் இருப்பதாக அறிவித்திருக்கிறார்கள்? யாரும் இல்லை என்றால், மும்பையின் ஆரோக்கியமான முதியவர்கள் அனைவரும் செம்பூரில் கூடியிருப்பது எப்படி?

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியபோது எனக்கு நானே சிரித்துக்கொண்டதை ஒப்புக்கொள்கிறேன்.

செயலாளர் எனக்குப் பதில் எழுதவில்லை. அறிவிப்புப் பலகைக்கு எழுதினார். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த எல்லோரும் ரத்தப் பரிசோதனை அறிக்கை கொண்டுவர வேண்டும், அதுவரை அட்டை செல்லாது. பாத்திரக் கடைக்காரர் ரப்பர் செருப்போடு வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார். மேலாளர் அவரிடம் என் கடிதத்தையே எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆங்கிலத்தில் இருந்ததை அவருடைய மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

"சார், கடுதாசி நல்லா எழுதியிருக்கியளாம். மக சொல்லுதா" என்றார் போனில்.

மேசையிலிருந்த என் நகலை எடுத்துப் பிரித்தேன்.

"அந்த நாலாவது பாரா உங்களுக்கு அவசியந்தானா?"

அவசியமில்லை என்றேன். முப்பத்தாறு வருடத்தில் ஒரு வரைவைப் பற்றி நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே தெரியும், பதிவேட்டில் ஏறி இன்வர்ட் எண் விழுந்த கடிதம் திரும்பி வராது. அது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

மறுநாள் தாராவிக்குப் போனேன். பஸ் படியில் ஏற இரண்டு பேர் கை கொடுத்தார்கள். அவருடைய கடையில் உட்கார்ந்து அவர் பெயரில் புது விண்ணப்பம் எழுதினேன், இந்த முறை உள்ளது உள்ளபடி. மயக்கம் ஏதாவது வந்ததுண்டா என்று கேட்டபோது அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு நாள் தண்ணிக்குள்ள கண்ணு இருட்டிச்சு. கம்பியப் பிடிச்சிட்டு நின்னேன். யார்ட்டயும் சொல்லல. சொன்னா அட்டையக் கிழிச்சிருவான்லா."

காலையில் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போயிருக்கிறார். அவருக்குச் சர்க்கரை என்பது குளத்தின் உயிர்காப்புக் காவலருக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம் ஏழாவது கட்டம். அதையும் எழுதினேன்: மயக்கம் வந்த நாள், காரணம், இனி சாப்பிட்டுவிட்டு வருவார் என்பது, பையில் குளுக்கோஸ் வைத்திருப்பார் என்பது. மருத்துவரும் அரை மணி, மார்பளவு, வாரம் ஐந்து நாள் என்று விதி கேட்டபடியே எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு காத்திருப்பு. பதினைந்து வேலை நாட்கள் கழிந்தன. "வேலை நாளுன்னா அவங்க வேலை பாக்குத நாளா சார்?" என்று கேட்டார். முதல் நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டாவதை நகல்களோடு அனுப்பினேன். வாரம் இரண்டு முறை தாராவிக்குப் போனேன், வீட்டில் இருப்புக் கொள்ளாததால். அவருடைய கடையில் இரண்டு ஸ்டூல் போட்டுக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி செய்தோம். பத்து முறை எழுந்தால் ஒரு சுற்று. மூன்றாவது சுற்றில் அவர் எட்டில் நிற்பார், நான் ஆறில். இட்லிப் பாத்திரம் வாங்க வந்த அம்மாள் ஒருத்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உக்காருதியளா எந்திக்கியளா, ஒண்ணச் சொல்லுங்க. நான் பெறவு வாரேன்" என்றாள்.

அது போதவில்லை. தண்ணீர் தாங்கிக்கொண்ட எடையை ஸ்டூல் தாங்கிக்கொள்ளவில்லை. காத்திருப்பின் ஒன்பதாவது வாரம் அவர் ஏணியில் பாதி ஏறி நின்றுவிட்டார். மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல், பக்கத்துக் கடைக்காரர்கள் தாங்கி இறக்கினார்கள். அன்றிலிருந்து பாய் மறுபடி குக்கர்களுக்கு நடுவில். அவர் என்னிடம் இதைச் சொல்லவில்லை. சுருட்டி வைத்திருந்த பாயை நானே பார்த்தேன். பார்த்ததை அவரும் பார்த்தார்.

"இது வெயிலுக்கு சார். மேல ஒரே புழுக்கம்" என்றார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே செம்பூர் போனேன். செயலாளர் இல்லை. மேலாளர் இருந்தார். இந்த முறை விதி எண் எதையும் சொல்லவில்லை. கையேட்டைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. ஒரு மனிதர் தம் வீட்டுக்கு ஏற முடியாமல் கடையில் படுத்திருக்கிறார், அதற்கு என் கடிதம் காரணம், அவர் விண்ணப்பத்தை மட்டுமாவது பாருங்கள், என்னுடையதை எவ்வளவு கீழே வேண்டுமானாலும் வையுங்கள் என்று எனக்குத் தெரிந்த அலுவலக இந்தியில் சொன்னேன். மேலாளர் தேநீர் வரவழைத்தார். கமிட்டி கூட வேண்டும் என்றார். எப்போது கூடும் என்று கேட்டேன். கூடும்போது கூடும் என்றார். அந்தப் பதிலை நானே என் மேசையிலிருந்து பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எதிர்ப்பக்க நாற்காலியிலிருந்து கேட்டது அன்றுதான்.

மழைக்காலம் முடிந்தது, தீபாவளி போனது. மருத்துவர் எனக்கு இன்சுலின் ஆரம்பித்தார். ஸ்டூல் பயிற்சியை நாங்கள் விடவில்லை. அவர் ஏழுக்கு இறங்கியிருந்தார்.

பிறகு ஒரு பகலில் போன்.

"சார், தபால் வந்திருக்கு. மக படிச்சிட்டா. அரை மணி நேரம், மார்பளவு, ஆழத்துக்குப் போகப்பிடாது. எல்லாம் நீங்க எழுதினபடிதான்."

"எனக்கு?"

"உங்களுதைப் பத்தியும் ஒரு வரி போட்டிருக்கு. பரிசீலனையில இருக்காம். இன்னொரு கண்டிசனும் இருக்கு. மயக்கம் வந்த ஆளுங்கதால, கரையில ஒரு துணை உக்காந்திருக்கணுமாம். எம்பொண்டாட்டி கடையப் பாக்கணும். நீங்க வாரியளா?"

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். காலை ஏழு என்றார். சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன்.

கடிதத்தில் போட்டிருந்த தேதி நவம்பர் மூன்று. அவர் கைக்கு வந்தது நவம்பர் பதினெட்டு. செம்பூரிலிருந்து தாராவிக்கு வரச் சரியாகப் பதினைந்து நாள்.