தீட்டு இல்லை என்று சொன்னவன்

குவைத்தில் கடல்நீரைக் காய்ச்சி, தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பைக் கடலிலேயே கொட்டிவிடுகிறார்கள். மரக்காணத்து உப்பளத்தில் வெந்த எனக்கு இது இன்றுவரை ஜீரணமாகவில்லை. நாம் தண்ணீரை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு உப்பை வாருகிறவர்கள். அந்த ஆலையில்தான் குழாய் கழுவுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு உப்பைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. ஊர் திரௌபதி அம்மன் தீமிதியில் கரகத்தைத் தலையில் ஏந்தி முதலில் நெருப்பில் இறங்குவது நாங்கள்தான். அப்பன் தன் தலையிலிருந்து எடுத்து, தன் கையாலேயே மூத்த மகன் தலையில் வைக்க வேண்டும். வைக்காமல் கண்ணை மூடிவிட்டால் அந்த உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். 2005 ஆடிக்கு முன்னால் அப்பா போனில், “காலு வீங்கிடுச்சிடா. அடுத்த வருசம் நிப்பனான்னு தெரியல. வந்துட்டுப் போ” என்றார். எதற்கும் கெஞ்சுகிற ஆள் இல்லை அவர்.

மேனேஜர் எகிப்துக்காரர், நல்ல மனுஷன். எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் கோயில், நெருப்பு, அப்பா என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவர் ஏதோ விருந்து என்று நினைத்துக்கொண்டு, இங்கேயே வெள்ளிக்கிழமை வைத்துக்கொள், நானும் வருகிறேன் என்றார். சாவு என்றால்தான் லீவாம். பாழாய்ப்போன என் வாய் சும்மா இருந்ததா? “பாபா மௌத்” என்றேன், அப்பா செத்துவிட்டார் என்று. எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அப்பாவுக்காகத் துவா ஓதினார். அன்றைக்கே டிக்கெட் வந்தது.

கரகத்தைக் கொடுக்கிறவர் தீக்குழியோரத்தில் நின்று ஊர் கேட்க ஒரு கேள்வி கேட்பது வழக்கம்.

“வூட்ல சாவு தீட்டு இருக்குதா?” என்றார் அப்பா.

“இல்லப்பா” என்றேன். கரகத்தை என் தலையில் வைத்தார்.

இறங்கினேன். இரண்டு பாதமும் வெந்துவிட்டன. தீட்டுள்ளவனைத்தான் நெருப்பு சுடும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. அப்பா முந்திக்கொண்டு, “பூட்ஸ் போட்டுப் போட்டுக் காலு மெத்துன்னு ஆயிடுச்சிப்பா, வேற ஒண்ணும் இல்ல” என்று கூட்டத்தைச் சமாளித்தார். எனக்குத் தாங்கவில்லை. கிளம்புகிற அன்று, சாப்பிடும்போது அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“உசுரோட இருக்கறவனுக்கு ஏதுடா தீட்டு” என்று சிரித்தார். ஆனால் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார்.

மாசியில் தங்கச்சி போன் செய்தாள். “அண்ணே, அப்பா போயிட்டாருண்ணே. இன்னும் எடுக்கல. எப்ப வர்ற?”

மேனேஜர் அறை வாசல்வரை போனேன். என்னவென்று கேட்பது? கம்பெனிக் கணக்கில் என் அப்பா ஆடியிலேயே செத்தாயிற்று. உண்மையைச் சொன்னால் வேலை போகும், கம்பெனி வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட் கைக்கு வந்து ஊர் சேர வாரக்கணக்காகும். திரும்பி வந்து, “எடுத்துடுங்கம்மா” என்றேன். பங்காளி கொள்ளி வைத்தான். அப்பனுக்குக் கொள்ளி வைக்காதவன் கரகம் தொடக்கூடாது என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்களாம்.

கேம்ப் குளியலறையில் நானே மொட்டை அடித்துக்கொண்டேன். மறுநாள் மேனேஜர் பார்த்துவிட்டு, இந்தக் குளிரில் எதற்கு இது என்றார். சாமிக்கு வேண்டுதல் என்றேன். என் தலையைத் தடவி, உன் அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றார். அவர் முன்னாலேயே உடைந்து அழுதேன். இத்தனை மாதம் கழித்துமா என்று கேட்டு, தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.