அம்மாவுக்கு இல்லாத வாக்கு

அம்மா கோபக்காரி என்று எங்கள் உறவுக்குள் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் அவருக்கு வந்த நாளில் நான் பக்கத்திலேயே நின்றேன்.

தென் லண்டனில், கவுன்சில் கட்டிய பழைய அடுக்குமாடியில் இருந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்ட ஒரு கம்பெனியிடம் கொடுக்கலாமா, வேண்டாமா என்று குடியிருப்பவர்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். அறிவித்தல் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட வேண்டும் என்பது விதி. ஒட்டித்தான் இருந்தார்கள், குப்பை அறைக் கதவின் உட்பக்கத்தில். கதவைத் திறந்தால் அது சுவரோடு சாய்ந்து அறிவித்தலை மறைத்துவிடும். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு நாற்றத்துக்குள் நின்றால் வாசிக்கலாம்.

ஒருநாள் அம்மா குப்பை போடப் போனபோது காற்று கதவை அடித்துச் சாத்தியது. அப்படித்தான் கண்டார். என்னைக் கூட்டிப்போய் வாசிக்கச் சொன்னார். கீழ்ப்பகுதி ஈரத்தில் ஊறிக் கிழிந்திருந்தது. பிறகு வீடு வீடாக என்னை இழுத்துக்கொண்டு போனார். சோமாலியப் பெண்ணுக்கும் ஐரிஷ் கிழவருக்கும் நான் ஆங்கிலத்தில் விளக்க, அம்மா பக்கத்தில் நின்று "வேண்டாம்" என்று கையால் வெட்டிக் காட்டுவார்.

"உனக்கேன் உந்த வேலை?" என்றார் அப்பா.

வாக்கெடுப்பு அன்று அம்மா சூப்பர்மார்க்கெட் சீருடையோடே வந்து மண்டபத்து வரிசையில் நின்றார். மேசையில் இருந்த பெண், வீட்டு ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் வாக்கு என்றாள். அதில் இருந்தது அப்பாவின் பெயர் மட்டும். அறிவித்தலிலேயே இதைப் போட்டிருக்கிறோமே என்றும் சொன்னாள்.

"எது, அந்தக் கிழிஞ்சதோ? மனுசர் குப்பை கொட்டுற இடத்தில ஒட்டிப்போட்டு எனக்கு விதி கதைக்கிறியளோ? சொல்லு பிள்ளை, உவளுக்குச் சொல்லு!"

அம்மா கொஞ்சம் கவலைப்படுகிறார் என்று நான் மெதுவாகச் சொன்னேன். அந்தளவு ஆங்கிலம் அம்மாவுக்கு விளங்கும்.

"கவலை இல்லை. கோபம். கோபம் எண்டு சொல்லு!"

சொன்னேன். வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அந்தப் பெண் சிரித்தபடி அடுத்தவரைக் கூப்பிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்தவர் அப்பாதான்.

"வேண்டாமெண்டு போடுங்கோ," என்றார் அம்மா. அப்பா வெளியே வந்ததும், "என்ன போட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"அது ரகசியம். அதுவும் விதிதான்."

எனக்கு அது நல்ல பகிடியாகப் பட்டது. சிரித்துவிட்டேன். அம்மா வீடு வரை எங்களுக்கு முன்னால் தனியே நடந்தார்.

கம்பெனியிடம் கொடுக்கவே கூடுதல் வாக்கு விழுந்தது. எங்களை வட லண்டனில், எட்மண்டனில் ஒரு வீட்டுக்கு மாற்றினார்கள். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நேரம், தன் பெயரும் சேராமல் எழும்ப மாட்டேன் என்று அம்மா கவுன்சில் கந்தோர்க் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சனம் பாக்குது," என்றார் அப்பா.

"பாக்கட்டும்."

பெயரைச் சேர்த்தார்கள். அதை என்னிடம் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தன் பெயரை அச்சில் பார்க்க அம்மாவுக்கு அவ்வளவு ஆசையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.