அறுபத்தோராம் எண்

தொண்ணூறுகளின் பிற்பாதியில், துடியலூரில் விசைத்தறிகளுக்கு எலக்ட்ரானிக் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஒரு கார்டைச் செருகினால் மட்டும் போதாது, அதை இயக்க டிரைவர் என்றொரு நிரல் வேண்டும். அந்த டிரைவர், கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் மேய்க்கும் கர்னல் என்கிற மூல நிரலிடம் போய், இன்ன பெயர், இன்ன எண் என்று தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஓர் எண்ணை ஒருவர் பிடித்துவிட்டால் அடுத்தவருக்கு அது கிடையாது. "நீங்க மொதல்ல எடுத்துக்குங்க" என்கிற நம் ஊர் உபசாரமெல்லாம் கர்னலுக்குத் தெரியாது.

தறி நிற்பதைக் கணக்கெடுக்கும் கார்டுக்கு டிரைவர் எழுதியது நான். நூலின் இழுவையை அளக்கும் கார்டு, காரமடையிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண்ணுடையது. வேலையில் எனக்கு இரண்டு வருடம் இளையவள். மூன்று வாரம் நான் மல்லுக்கட்டியதை அவள் ஆறே நாளில் முடித்தாள். "அம்மணி எழுதுனது மொதத் தடவையே ஓடுது பாருங்க தம்பி" என்று முதலாளி என்னிடமே வந்து சொன்னார். வயிறு எரிந்தது. சோமனூர்த் தறிக்காரர் ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால், அங்கே எல்லாவற்றையும் அமைக்கும் பொறுப்பு எங்களில் ஒருவருக்கு. அது அவளுக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்களைப் போன்றவர்கள் சொந்தமாகப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று, கர்னலை எழுதியவர்கள் சில எண்களை ஒதுக்கியிருந்தார்கள். "அண்ணா, நீங்க எந்த நம்பர் எடுத்திருக்கீங்க? நான் வேற எடுத்துக்கறனுங்க" என்று கேட்டாள். கேட்காமல் எடுத்திருந்தாலாவது கோபப்பட ஒரு சாக்கு கிடைத்திருக்கும். அறுபது என்றேன். உண்மைதான். அவள் அறுபத்தொன்றை எடுத்துக்கொண்டாள்.

தறிக்காரர் வருகிற அன்று காலை, என் எண்ணை அறுபத்தொன்றாக மாற்றினேன். இரண்டு கார்டும் இருந்த கம்ப்யூட்டரைப் போட்டதும் என் டிரைவர்தான் முதலில் ஏறி அந்த எண்ணைப் பிடிக்கும்.

அவர் முன்னால் அவளுடைய டிரைவர் ஏற மறுத்தது. அந்த எண் ஏற்கெனவே உபயோகத்தில் இருப்பதாகத் திரையில் ஒரு வரி வந்தது. முதலாளியின் முகம் சுருங்கியது. பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவள் பதிவுப் பட்டியலைத் திறந்தாள். அறுபத்தொன்றுக்கு நேரே என் கார்டின் பெயர். ஒரே ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பு என்னுதுங்க சார். அஞ்சு நிமிசம் குடுங்க, சரி பண்ணிப்போடறேன்" என்றாள். நிரலில் எண் இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டாள். எந்த எண் காலியோ அதைக் கொடு என்று கர்னலையே கேட்கிற வழி அது. மூன்று வாரத்தில் எனக்குத் தோன்றாத வழி. கர்னல் ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்தது, நூல் இழுவை திரையில் ஓடியது.

சோமனூர்ப் பொறுப்பு அவளுக்கே போனது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "அறுபத்தொண்ணு வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பனுங்கண்ணா" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அத்தனை பேர் முன்னாலும் போட்டுக்கொடுத்திருப்பேன். அவளுக்கு அது வரவில்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.