பெயின்டர் கேட்ட சொல்

எடமலைப்பட்டி புதூரில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு அந்தப் பெயின்டர் அடிக்கடி வருவார். சிறுவயதில் இலங்கையிலிருந்து வந்தவர், இன்னமும் அகதி முகாமில்தான் இருக்கிறார். முழங்கைவரை வெள்ளைப் புள்ளிகள் தெறித்திருக்கும். ஆனால் எந்தக் காகிதத்தையும் தொடுவதற்கு முன் மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொள்வார்.

வெளிநாட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள ஒரு ஃபார்ம் அனுப்பியிருந்தாள். கம்ப்யூட்டரில் அதை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வியில் ‘ட்ரீசன்’ என்று வந்தது.

“அதென்ன தம்பி?”

“சொந்த நாட்டுக்குத் துரோகம் பண்றதுங்க.”

அவர் அதோடு விடவில்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சொன்னார். தேடிப் பார்த்தேன். லத்தீனில் ‘கையில் கொடுப்பது’ என்பதுதான் அதன் வேராம். காக்க வேண்டியவனே நாட்டைப் பகைவன் கையில் கொடுத்துவிடுவது என்று விளக்கினேன்.

ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரல்களை அவர் மறுபடியும் துடைத்தார்.

“நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் குடுக்கேல்ல தம்பி. எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தனான். அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு.”

“அப்ப ‘இல்லை’ன்னு போட்டுடறேங்க.”

“போடுங்கோ. எந்த நாட்டுக்கு எண்டு கேட்டால்?”

ஃபார்மும் கேட்டிருந்தது. அடுத்த கட்டமே ‘நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன்?’ என்பதுதான். நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் பக்கம் நகராது. பட்டியலில் உலகத்து நாடுகள் எல்லாம் இருந்தன. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன்.