தலைக்குக் குளித்த தேதி

சிவசங்கரிக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியில் அமர்ந்தாலும் வலது கால் மட்டும் தனியாக எங்கோ புறப்பட்டுப் போய்க்கொண்டிருக்கும். ஒடுகத்தூரில் பத்தாம் வகுப்புப் படித்தபோது பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் இதற்காகவே இடம் மாற்றிக் கேட்டாள். மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மேற்படிப்புக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தக் காலுக்கு ஒரு மரியாதை வந்தது. நாளைக்கு முப்பது, நாற்பது பிரசவம் நடக்கிற வார்டில் உட்காரத் தெரிந்தவர்களால் யாருக்கும் உபயோகம் இல்லை. இட்லியை நின்றுகொண்டே தின்று, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு ஓடுகிற பி.ஜி. டாக்டர்தான் நல்ல பி.ஜி. டாக்டர்.

பிரசவம் பார்ப்பதில் பாதி, காத்திருப்பது. பாடம் நடத்துகிற எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் அதைப் பழக அனுப்புகிற இடத்தில் காத்திருக்க ஒருவருக்கும் நேரம் கிடையாது. கட்டில் காலியாக வேண்டும். அடுத்தவள் வராந்தாவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பனிக்குடத்தை உடைக்கலாமா, டிரிப்பில் மருந்து ஏற்றலாமா, தியேட்டருக்கு எடுக்கலாமா என்ற மூன்று கேள்விகளுக்குள் பொழுது போய்விடும். சும்மா இருக்கலாமா என்று அங்கே யாரும் கேட்டு சிவசங்கரி கேள்விப்பட்டதில்லை.

சும்மா இருப்பதில் அவளுக்குப் பயமும் இருந்தது. முதல் வருடத்தில், நாள் தாண்டிய ஒரு குழந்தையின் இதயத் துடிப்பு, தியேட்டர் காலியாகட்டும் என்று காத்திருந்த நாற்பது நிமிடத்தில் நின்றுபோனது. துணியில் சுற்றித் தகப்பனிடம் கொடுத்தவள் அவள்தான். அதற்குப் பிறகு அந்தக் கால் தூக்கத்திலும் நிற்கவில்லை என்று விடுதி அறையில் உடன் இருந்தவள் சொன்னாள்.

இரண்டாம் வருடத்தில் மூன்று மாதம் வெளியே ஓர் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு ஜவ்வாது மலை விழுந்தது. பள்ளிக்கூட ஜன்னலில் அத்தனை வருடம் பார்த்த மலை, ஏறியதில்லை. ஏறிப் பார்த்தால் இரண்டு நாளைக்கு ஒரு பிரசவம். சில வாரம் அதுவும் இல்லை. முதல் வாரமே அவள் மருந்து அலமாரியை மூன்று முறை அடுக்கிவிட்டாள். இருபது வருடமாக அங்கே இருக்கிற நர்ஸ் செல்லம்மா, செங்கத்துக்காரர், நான்காவது முறை சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“காலை ஆட்டாதீங்க டாக்டரம்மா. மேசை ஆடுது. பி.பி. ஏறிப்போய்க் காட்டுது” என்றார்.

நதியா வந்தது மே மாதம் இருபதாம் தேதி காலையில். முதல் பிரசவம். உள்ளே ஆறு கிலோமீட்டர் தள்ளி ஊர். சாமை நிலம், நாலைந்து புளியமரம். கூடவே புருஷன் விஜயராஜ், எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்கிற உபகாரி. அவளுடைய கர்ப்பப் பதிவு அட்டையில் கடைசி மாதவிலக்கு ஆடிப் பதினெட்டு, ஆகஸ்டு மூன்று என்று இருந்தது. அந்தக் கணக்குப்படி குழந்தை பத்து நாளைக்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். வயிறோ அவ்வளவு பெரிதாக இல்லை. ஏழாம் மாதம் எடுத்த ஒரே ஸ்கேனில் குழந்தை மூன்றரை வாரம் சின்னதாக இருக்கிறது, வளர்ச்சிக் குறைவா என்று கேள்விக்குறி போட்டு எழுதியிருந்தார்கள்.

நாள் தாண்டிய குழந்தை. அதுவும் வளராத குழந்தை. சிவசங்கரியின் கால் ஆடுவதை நிறுத்தியது. அது நின்றால் விஷயம் பெரிது. கீழே கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். நூற்றெட்டு வண்டி வந்து வேப்பமரத்து நிழலில் நின்றது. ஓட்டுநர் சின்னராசு இஞ்சினை அணைத்தார். மலைக்காரர்கள் ஏற நேரமாகும் என்பது அவர் அனுபவம்.

நதியா ஏறமாட்டேன் என்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை. “இன்னும் நாள் ஆகல” என்று ஒரே வாக்கியம். சிவசங்கரி குழந்தையின் ஆபத்தைச் சொன்னாள். நாள் ஆகல. செல்லம்மா மிரட்டினார். நாள் ஆகல. விஜயராஜ், டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சு என்று கேட்டான். அவள் அவனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். எப்படித் தெரியும் என்று மட்டும் மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

அனுப்புகிற படிவத்துக்கு ஆதார் எண் வேண்டும். ஆதாரைப் போட்டோவாகப் போனில் வைத்திருப்பதாகச் சொல்லி விஜயராஜ் படங்களைத் தள்ளத் தொடங்கினான். ஆடு, பைக், ஆடு, யாரோ ஒருவரின் கல்யாணம், மறுபடி அதே கல்யாணம். சிவசங்கரிக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கித் தானே தள்ளினாள். நதியாவின் தங்கை கல்யாணம் என்றான் விஜயராஜ். மணவறை, மாலை, இரண்டு வரிசை சொந்தம், குழந்தைகள், ஒரு நாய்கூட இருந்தது. தள்ளிக்கொண்டே, கேட்க வேண்டும் என்று நினைக்காமலே கேட்டாள்:

“கூடப் பொறந்த தங்கச்சி கல்யாணம். நீ எங்க இதுல?”

நதியா தலையைக் குனிந்தாள். விஜயராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். சிவசங்கரிக்கு அவனுடைய பதில்கள் அலுத்துவிட்டன. வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். கதவு சாத்திய பிறகு நதியா மெல்லச் சொன்னாள்:

“நான் அன்னைக்கு வெளிய இருந்தேன் மேடம்.”

“வெளியன்னா?”

“வெளியதான். காலையிலதான் ஆச்சு. வூட்டுப் பக்கமே சேக்கல. சோறு இலையில கொண்ணாந்து குடுத்தாங்க.”

சிவசங்கரி போனைத் திருப்பிப் பார்த்தாள். படத்தின் மேலே ஆகஸ்டு இருபத்தொன்பது என்று இருந்தது. அதற்கப்புறம் என்று கேட்டாள். அப்புறம் வெளியே இருக்கவே இல்லை என்றாள் நதியா.

அப்படியானால் அட்டையில் இருக்கிற ஆடிப் பதினெட்டு யாருடையது? செல்லம்மா யோசித்தார், நினைவு வந்தது. ஊரில் முகாம் போட்ட அன்று வரிசை முழுக்க ஆம்பிளைகள். அவர்கள் முன்னால் ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பதோ அப்படி, மரியாதையாக, கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று கேட்டார். சமவெளியில் இதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் கூச்சத்தில் தரையைப் பார்த்தாள். புருஷன் உதவிக்கு வந்தான். அவர்கள் ஊரில் அந்த நாட்களுக்கு வெளியே இருப்பது என்றுதான் பெயர். தலைக்குக் குளிப்பது என்றால் தலைக்குக் குளிப்பதுதான்.

விஜயராஜை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் ஒளிக்கவில்லை.

“ஆமா, ஆடிப் பதினெட்டு. கோயில் திருவிழாக்கு ஊரே தலைக்குக் குளிச்சோம். நானும் எண்ண தேச்சுக் குளிச்சேன். தலைக்குத்தான கேட்டாங்க?”

‘ஊரே’ என்ற சொல்லும் அன்றைக்கே செல்லம்மாவின் காதில் விழுந்திருக்கலாம். அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.

“நீயாவது சொல்லக் கூடாதா?” என்றார் செல்லம்மா.

“நீங்க எழுதினீங்க. அது உங்க கணக்குன்னு இருந்துட்டேன்” என்றாள் நதியா.

கணக்கை மாற்றிப் போட்டால் நாள் தாண்டவில்லை. இன்னும் இரண்டு வாரம் இருந்தது. குழந்தை சின்னதும் இல்லை. வயதுக்கு ஏற்ற அளவு. ஒரு தப்புத் தேதி ஸ்கேனைத் தப்பாக்கி, தப்பான ஸ்கேன் தேதியை மேலும் பயங்கரமாக்கியிருந்தது. ஆனால் இதெல்லாம், ஒரு பெண் படத்தில் இல்லை என்பதை ஆதாரமாக ஏற்றுக்கொண்டால்தான். ஏற்று, அது பொய்யாகப் போனால், இன்னொரு துணிச் சுருள்.

அன்றைக்கே வயிற்றை ஸ்கேன் வைத்துப் பார்த்தாள். பனிக்குட நீர் குறையவில்லை, துடிப்பு நன்றாக இருந்தது. பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், டவர் கிடைக்கிற ஒரே இடத்தில் நின்று, நின்று என்ன, நடந்துகொண்டே, கீழே துறைத் தலைவருக்குப் பேசினாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு அவசரமே இல்லாமல் சொன்னார்:

“இங்க அனுப்பினா நான் அட்டையைத்தான் நம்பணும். அட்டைப்படி ஆபரேஷன். நீ போட்டோவை நம்பினா, துடிப்பைப் பார்த்துக்கிட்டு நீதான் அங்க உட்காரணும். உட்காருவியா?”

கல்லூரியில் இரண்டு வருடமாக அவளை ஓடு, ஓடு என்று சொன்ன அதே குரல்.

சின்னராசு வண்டியைக் காலியாகத் திருப்பிக்கொண்டு போனார்.

மருத்துவமனையை ஒட்டி, தூரத்து ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க ஓர் அறை உண்டு. வாசலில் ‘காத்திருப்பு அறை’ என்று பச்சை எழுத்து. நதியா அங்கே ஒரு பாயும் ஒரு மூட்டைப் புளியுமாகக் குடியேறினாள். காலை நீட்டி உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்தாள். சிவசங்கரி அந்த வாசலுக்கும் தன் மேசைக்கும் இடையே ஒரு தடம் போட்டாள். துடிப்பு கேட்க ஒரு நாளைக்கு நான்கு முறை போதும். அவள் ஒன்பது முறை போனாள். குழந்தை எத்தனை முறை உதைத்தது என்று கேட்டாள். நதியா சொன்ன எண்ணை நம்பாமல் வயிற்றின் மேல் கை வைத்து உட்கார்ந்து தானே எண்ணினாள். ஐந்தாம் நாள் மதியம் உதை குறைந்ததுபோல் தோன்றி சின்னராசுக்குப் போன் போட்டாள்; வண்டி வாசலுக்கு வருவதற்குள் குழந்தை தூங்கி எழுந்துவிட்டது. சின்னராசு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

“நீங்க வந்து வந்து ஒட்டுக் கேக்கறதாலதான் வெளிய வர பயப்படுது” என்றாள் நதியா. “சும்மா வராதீங்க. வந்தா இத எடுங்க.” ஒரு முறம் புளியைத் தள்ளிவிட்டாள்.

சிவசங்கரி எடுத்த புளியில் பாதி கொட்டையோடே இருந்தது. நதியா அதைப் பிறகு தனியாக உட்கார்ந்து சரிசெய்தாள், சொல்லிக்காட்டவில்லை. செல்லம்மா சொல்லிக்காட்டினார். இவங்க தையல் போடறதும் இப்படித்தானா என்று கேட்டுவிட்டு, யோசித்து, அது நல்லாத்தான் போடறாங்க என்று தானே திருத்திக்கொண்டார்.

ஜூன் மூன்றாம் தேதி விடிந்ததும் வலி கண்டது. பத்து மணிக்குக் கருப்பை வாய் பாதி திறந்திருந்தது. பன்னிரண்டுக்கும் ஏறத்தாழ அங்கேயே நின்றது. கீழே என்றால் இந்நேரம் பனிக்குடத்தை உடைத்து, மருந்தை ஏற்றியிருப்பார்கள். துடிப்பு ஒவ்வொரு முறையும் தெளிவாகக் கேட்டது, தாய் களைக்கவில்லை, அவசரப்படக் காரணம் ஏதும் இல்லை, கையில் இருக்கிற துறுதுறுப்பைத் தவிர. சிவசங்கரி இரண்டு முறை டிரிப் பாட்டிலை எடுத்தாள். இரண்டு முறையும் வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்து நதியாவின் பக்கத்தில் போட்டு, தன் கைகளைத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இதைப் பார்த்ததாகச் செல்லம்மா பின்னால் பலரிடம் சொன்னார், யாரும் நம்பவில்லை.

இரண்டே முக்காலுக்குப் பிறந்தது. பெண். இரண்டு கிலோ எண்ணூறு. நாள் தாண்டிய குழந்தையின் தோல் காய்ந்து உரிந்திருக்கும். இதுவோ மாவு பூசினதுபோல் மேலெல்லாம் வெள்ளை அப்பிக்கொண்டு, வழுக்கிக்கொண்டு, கோபமாக வந்தது. அந்த வெள்ளையைப் பார்த்ததும்தான் சிவசங்கரி மூச்சு விட்டாள். கையுறையின் மேல் ஒட்டியிருந்ததைச் செல்லம்மாவிடம் நீட்டிக் காட்டினாள்.

“ஆமா, தெரியுது. ஆகஸ்டு இருபத்தொன்பது” என்றார் செல்லம்மா. “நஞ்சுக்கொடி இன்னும் வரல. அதுக்காவது காத்திருக்கலாமில்ல?”

மறுநாள் முகாமில் செல்லம்மா மேசைக்கு முன்னால் வரிசையில் நின்ற ஆண்கள் எல்லோரையும் டீக்கடைக்கு அனுப்பினார். பிறகு, இருபது வருடத்தில் முதன்முறையாக, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, நேரடியாகக் கேட்டார். கேட்டவருக்குத்தான் வெட்கமாக இருந்தது. பெண்கள் தேதி சொன்னார்கள்.

வீட்டுக்குப் புறப்படும்போது விஜயராஜ் ஒரு போட்டோ எடுத்தான். இந்த முறை நதியா நடுவில். மடியில் குழந்தை, ஒரு பக்கம் செல்லம்மா, மறுபக்கம் டாக்டர், பின்னால் பச்சை எழுத்தில் காத்திருப்பு அறை. ரெண்டே செகண்டு அசையாம இருங்க மேடம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான்.

படம் அவன் போனில் இப்போதும் இருக்கிறது. குழந்தையின் நகம் வரை தெளிவு. டாக்டர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ கலங்கலாகத் தெரிகிறது. அது யார் என்று ஊரில் யாராவது கேட்டால், நதியா பெயரோடு சொல்கிறாள்.